இரு நூல்கள்

கைத்தூண்டில் தொழிலே எங்கள் குடும்பத்துக்குச் சோறிட்டது. ஆதலின், மேலைநாட்டாரின் பூச்சித்தூண்டிலைப் பற்றிய நூலொன்றைப் பல்கலைக்கழக நூலகத்திலே கண்டபொழுது ஆவலோடு படித்தேன். எங்கள் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரமே நூலை நீருள் இழுத்துச் செல்லும். அவர்கள் இறகும் மயிரும் கொண்டு கட்டும் செயற்கைப் பூச்சிக்கோ பாரம் மிகக் குறைவு. வீசப்படும் நூலின் பாரமே அதனைக் காற்றிலே சுமந்து செல்லவேண்டும். எனவே, மீனுக்கேற்ற நூலைத் தேர்தல் அக்கலையின் முதற் பாடமாகின்றது.

பட்டுநூல் வழங்கிய காலத்தில் அதன் தடிப்பை ஆங்கில எழுத்துக்களாற் குறித்தனர். செயற்கை நூல்கள் வந்தபின் தடிப்பைக் கொண்டு நிறையை அறிய இயலாதாயிற்று. 1961இல் அமெரிக்க மீன்பிடி உபகரண உற்பத்தியாளர் சங்கம், நூலின் முதல் 30 அடியின் நிறைக்கேற்ப இலக்கமிடும் முறையை ஏற்றது. ஐந்தாம் இலக்க நூலில் அந்நீளத்தின் நிறை 140 கிறெயின், அதாவது ஏறத்தாழ 9 கிராம். எட்டாம் இலக்கத்தில் 210 கிறெயின். குளிரோடைகளில் வாழும் ட்ரவுட் மீனுக்கு 4 முதல் 6 வரையான இலக்கங்கள் பொருந்தும். பிரித்தானியர் கொணர்ந்த அம்மீன் நமது ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளிலும் உண்டு. சல்மனுக்கு 8 முதல் 10 வரையும், புளோரிடாக் கடலின் பெரிய டார்பனுக்கு 11, 12 இலக்கங்களும் வேண்டும். நீர்ப்பரப்பிலே இரையெடுக்கும் மீனுக்கு மிதக்கும் நூல். ஆழத்திலே கிடக்கும் மீனுக்கு அமிழும் நூல்.

இலக்கம் எதனையும் அறியாத என் தந்தையாரும் மீனறிந்தே நூலைத் தேர்கின்றார். விளைமீனுக்கு மெல்லிய தங்கூசி. கூரிய பல்லுடைய அறுக்குளாவுக்குத் தூண்டிலை அடுத்துக் கம்பி. தேர்வு பிழைத்து நூல் அறுந்தால் அன்று வீட்டில் உலை கொதியாது. பொழுதுபோக்குக்காக மீன்பிடிப்போர் தம் அறிவை அட்டவணையாக்கிவிட்டனர். பிழைப்புக்காகப் பிடிப்போரின் அறிவோ விரல்நுனியிலேயே தங்கிவிட்டது. நைலோன் வருமுன் எம்மூதாதையர் எந்த இழையை எந்த மீனுக்குத் திரித்தனர் என்று கேட்டால், விடைகூற எங்கள் கரையிலே முதியவர் சிலரே எஞ்சியுள்ளனர்.

ஏட்டு நூலுக்கு இழைநூலை உவமையாக்கினார் நன்னூலார். அவ்வுவமையைத் தேர்வுக்காக மனனஞ் செய்யும் நாம், விடுமுறையில் ஊர் செல்லும்போது ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் செல்வோமாயின், கரையிலுள்ள நூலும் ஏட்டிலே ஏறும். அதனை எழுதவேண்டியவர் வேறெவருமல்லர். அக்கரைகளிலிருந்து இங்கு வந்திருக்கும் நாமே.