சோபாவும் திண்ணையும்

சொற்களும் மனிதரைப் போலவே நாடு விட்டு நாடு செல்வன. சென்ற இடத்திற்கேற்ப உடை மாற்றிக் கொள்வன. 'சோபா' அத்தகையதொரு சொல். மாணவர் பலர் இதனை ஆங்கிலச் சொல்லென்றே கருதுவர். ஆயினும் இதன் பிறப்பிடம் அரபு மொழியாகும். அரபியில் 'ஸுஃப்பா' என்றால் திண்ணை. துருக்கியரிடம் 'ஸோஃபா' என வழங்கி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தபோதும் அது கம்பளமும் திண்டும் இட்ட மேடையையே குறித்தது. 18ஆம் நூற்றாண்டில்தான் மெத்தை இருக்கைக்குப் பெயராயிற்று.

கி.பி. 622இல் ஹிஜ்ரத் நிகழ்ந்தபின், மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசலில் நிழற்கூரையுடன் ஒரு ஸுஃப்பா அமைந்தது. வீடும் உறவும் அற்ற ஏழைகள் அங்கேயே தங்கிக் கல்வி பயின்றனர். 'திண்ணைத் தோழர்கள்' என அவர்களை நாம் போற்றுகிறோம். ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட நபிமொழிகளை அறிவித்த அபூஹுரைரா (ரலி) அவர்களும் அவருள் ஒருவரே. ஒருநாள் ஒரு கிண்ணம் பால் கிடைத்தபோது, பசித்திருந்த அபூஹுரைராவிடம் திண்ணையோர் அனைவரையும் அழைத்துவரச் சொல்லி, எல்லாரும் பருகிய பின்னரே நாயகம் அவர்கள் பருகினார்கள் என்பது ஸஹீஹுல் புகாரி தரும் செய்தி.

தமிழகத்துத் திண்ணையும் கல்விக்கூடமாய்த் திகழ்ந்ததே. நம் சேலத்தை அடுத்த பாரமகாலில் முன்னர்ப் பணியாற்றிய தாமஸ் மன்றோ, சென்னை ஆளுநராக இருந்து 1826இல் எழுதிய குறிப்பில், மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தமையைப் பதிவு செய்துள்ளார். தமிழ்ப் பகுதியில் அவற்றுள் பல திண்ணைப் பள்ளிகளே.

நாமக்கல், இராசிபுரம் பக்கத்து ஓட்டு வீடுகளில் திண்ணை சந்தைக்குச் செல்வோர் சுமை இறக்கும் இடமுமாகும். எம் பாட்டனார் வீட்டுத் திண்ணையில் எவர் அமர்ந்தாலும் முதலில் தண்ணீர்ச் செம்பு வரும், "எந்த ஊர்?" என்னும் கேள்வி பின்னரே வரும். இன்று தெரு அகன்றது, திண்ணை மறைந்தது, சுற்றுச்சுவர் எழுந்தது, உள்ளே சோபா வந்தது. சோபாவில் நாம் அழைத்தவரே அமர்கின்றனர். திண்ணையிலோ அழையாதவரும் அமர்ந்தனர். சொல் ஒன்றே, பொருள்தான் தலைகீழாயிற்று.

இடித்த திண்ணைகளை மீண்டும் கட்டுதல் அரிது. ஆனால் கட்டணம் செலுத்த வழியின்றி, துறை வாயிலில் தயங்கி நிற்கும் மாணவரை ஆண்டுதோறும் நாம் காண்கின்றோம். பெரியோர் வழங்கும் உதவித்தொகையும், ஆசிரியர் வகுப்புக்கு அப்பால் ஈயும் ஒரு மணி நேரமும் அவருக்குத் திண்ணையாகும். அவ்வாறு செய்வோமாயின், 'ஸுஃப்பா' தன் பழம்பொருளை நம்மிடையே மீளப் பெறும்.