பிரிஞ்சாங் சரிவில் ஆமைப் பட்டி

நில ஆமையை வெட்டவெளியில் வளர்க்கும் பட்டிக்கு இரண்டு வேலைகள். உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது. வெளியே இருப்பது உள்ளே வரக்கூடாது. முதல் வேலைக்கு முழங்கால் உயரச் சுவர் போதும். பணமும் யோசனையும் செலவாவது இரண்டாவதற்குத்தான். ஆனால் பெரும்பாலான பட்டிகள் முதல் வேலையோடு நின்றுவிடுகின்றன. ஆமை தப்பிப் போகவில்லை என்பதையே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் 15 டிகிரி செல்சியஸ் வரை குளிரும். அக்டோபர், நவம்பரில் மழை உச்சத்தில் நிற்கும். ஏப்ரல், மே மாதங்களில் இன்னொரு சுற்று. இந்த ஈரக்குளிருக்கு எல்லா ஆமையும் ஒத்துவராது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வறண்ட புதர்க்காட்டில் வாழும் நட்சத்திர ஆமையை இங்கே வெளியில் விட்டால் சளி பிடித்து நுரையீரல் கெடும். அதன் பன்னாட்டு வணிகமும் 2019 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் தடைப்பட்டிருக்கிறது. பொருந்துவது இந்த நாட்டுக் காட்டிலேயே உள்ள பழுப்பு ஆமை, மலாயில் பானிங் பெராங். ஆசியப் பெருநிலத்தின் மிகப்பெரிய நில ஆமை அதுதான். வளர்ந்தது 20 கிலோவைத் தாண்டும். அதன் உறவான பானிங் புக்கிட் மலைக்காட்டு ஆமைதான் என்றாலும், பெரும்பாலும் காளான் தின்று வாழ்வது. கூண்டில் பிழைப்பது அரிது. அதைக் காட்டிலேயே விட்டுவிடுவது நல்லது. எந்த இனமானாலும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கம்பி வாங்கப் போகவேண்டும்.

எதிரிகளில் நாய்க்குத்தான் முதலிடம். லயன் வீடுகளைச் சுற்றித் திரியும் நாய்களும் உண்டு. காய்கறித் தோட்டங்களில் காவலுக்கு வைத்து இரவில் அவிழ்த்துவிடும் நாய்களும் உண்டு. ஆமையைக் கடிக்கும் நாய் பெரும்பாலும் பசியால் கடிப்பதில்லை. அசைகிற, கடிக்கக் கடிக்கத் தீராத ஒரு பொருள் அதற்குக் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். மணிக்கணக்கில் பொழுது போகும். ஆமை தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு கிடக்கும். ஓடாது, கத்தாது. பத்தடி தள்ளிச் சமையலறையில் இருப்பவருக்கும் ஒன்றும் கேட்காது. முதலில் ஓட்டின் விளிம்பு போகும், பிறகு முன்னங்கால். ஓடு உயிரற்ற கவசம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. மேலே இருப்பது நகம் போன்ற மெல்லிய தகடு. அடியில் இரத்தமும் நரம்பும் ஓடும் எலும்பு. முதுகோட்டை ஒட்டினாற்போல நுரையீரல் இருப்பதால் மேலே விழும் ஆழமான விரிசல் நேரே மூச்சைத் தொட்டுவிடும்.

வீட்டு நாயை நம்புவதும் ஆபத்துதான். ஆண்டுக்கணக்கில் ஆமைக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்த நாய் ஒருநாள் மதியம் கடிக்கத் தொடங்கிய கதைகள் ஆமை வளர்ப்போரிடம் நிறைய உண்டு. பழக்கிவிட்டோம் என்பது நாயின் குணத்தைப் பற்றிய பேச்சு. கம்பிவேலிக்கு அது ஈடாகாது.

வேலியின் உயரத்தைச் சமதரைக் கணக்கில் சொல்வது எளிது: நாய்க்கு ஆறடி. பிரிஞ்சாங்கில் சமதரை ஏது? தேயிலைக்காகவும் காய்கறிக்காகவும் வெட்டிய படிக்கட்டு நிலம்தான் எங்கும். பட்டியின் மேட்டுப் பக்கத்தில் வெளிமண் உள்மண்ணைவிட மூன்றடி உயரமாக இருந்தால், ஆறடி வேலி அங்கே நிற்கும் நாய்க்கு மூன்றடிதான். ஆகவே உயரத்தை நாய் நிற்கும் இடத்திலிருந்து அளக்கவேண்டும். மேட்டுப் பக்கம் வேலியை உயர்த்தலாம். அல்லது வரப்பைச் செதுக்கி, வேலிக்கு வெளியே ஓரடி அகல வாய்க்கால் விடலாம். வாய்க்கால் மழைநீரையும் திருப்பிவிடும் என்பதால் அதுவே மேல்.

பள்ளத்துப் பக்கத்தில் தொல்லை வேறு மாதிரி. பட்டிக்குள் விழும் மழையெல்லாம் அங்கேதான் வெளியேறும். ஒரு கனமழை இரவுக்குப் பிறகு காலையில் குனிந்து பார்த்தால், கம்பியின் அடியோரம் நான்கு விரல் அகலத்துக்கு மண் அரித்துப் போயிருக்கும். மஞ்சள் சேறு வெளியே நாக்குப் போல வழிந்திருக்கும். சில நாள் அந்த இடைவெளியில் கம்பி முனையில் நாய் மயிரும் சிக்கியிருக்கும். நாய் தோண்டியதில் பாதியை மழை முன்பே தோண்டிக் கொடுத்துவிடுகிறது. இதற்குக் கம்பியை நேரே ஓரடி ஆழம் புதைப்பது வழக்கமான பதில். சரிவில் அது போதாது, புதைத்த மண்ணே நகர்ந்துவிடும். வேலியின் அடியில் கம்பிவலையை எல் வடிவில் வளைத்து, வெளிப்பக்கம் இரண்டடி அகலத்துக்குத் தரையோடு படுக்கவைத்து, முளையடித்து, மேலே மண் போட்டுப் புல் வளரவிடுவது நன்றாக நிற்கிறது. நாய் எப்போதும் வேலியின் காலடியில்தான் தோண்டும். இரண்டடி பின்னால் போய்த் தோண்டவேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. புல் வேர் பிடித்துவிட்டால் வலையும் மண்ணும் ஒன்றாகிவிடும். நீர் வெளியேறும் இடத்தில் மண் அணைப்பை நம்பாமல் சிமெண்டுத் தொட்டி கட்டி, வாயில் கம்பி அளி வைக்கவேண்டும். லோங்காங் என்னும் வடிகால் வேலிக்கு அடியில் போகிற இடம் இருந்தால் அதுதான் பட்டியின் உண்மையான வாசல். நாயும் மலைப்பாம்பும் அந்த வழியைத்தான் முதலில் கண்டுபிடிக்கும்.

கோழிக்கூட்டுக்குப் போடும் அறுகோண வலையை ஆமைப் பட்டிக்கு வாங்குவது வீண். கோழியை உள்ளே நிறுத்தத்தான் அது ஆகும். நாய் பல்லால் இழுத்தே கிழித்துவிடும். பற்றவைத்த கம்பிவலை, கடைகளில் பி.ஆர்.சி. என்று கேட்டால் கொடுப்பது, வெளிவேலிக்குச் சரி. அடிப்பகுதியில் இரண்டடி உயரத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள வலையைச் சேர்த்துக் கட்டவேண்டும். கேமரன் மலையின் ஈரத்தில் துத்தநாகம் பூசாத கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். முதலில் போவது மண்ணுக்குள் இருக்கும் பகுதி, கண்ணுக்குத் தெரியாத பகுதி. பிளாஸ்டிக் கூடாரம் போடும் காய்கறித் தோட்டங்களில் கழித்துப் போடும் இரும்புக் குழாய் தூணுக்கு நன்றாக உதவும், சிமெண்டில் நட்டால். 20 கிலோ ஆமை ஒரே மூலையில் தினமும் தோளால் முட்டும் என்பதை மறக்கக்கூடாது.

அப்படி முட்டுவது வெளியே பார்க்க முடிவதால். உட்பக்கம் இரண்டடிக்குப் பலகையோ சிங்க் தகரமோ அடித்து மறைத்துவிட்டால் ஆமை அந்தத் திசையை மறந்துவிடும். வெளியே போகும் நாய்க்கும் உள்ளே அசைவது தெரியாது. தகரத்தின் மேல்விளிம்பை மடித்து விடவேண்டும், இல்லாவிட்டால் ஆளின் கையைத்தான் அது முதலில் கிழிக்கும்.

கதவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கீழே சிமெண்டு வாசற்படி, தானே சாத்திக்கொள்ளும் வில், குரங்கு திறக்க முடியாத பூட்டு. வெறும் கொக்கியை பெரோக் குரங்கு பார்த்தே கற்றுக்கொள்ளும். காட்டுப்பன்றிக்காக மின்வேலி போடுவோர் அதற்கென விற்கும் துடிப்பு மின்கருவியையே பயன்படுத்தவேண்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது ஆளைக் கொல்லும் வேலை.

குஞ்சுகளுக்கு இந்த வேலியெல்லாம் பயனில்லை. பழுப்பு ஆமைக் குஞ்சு பொரிக்கும்போது உள்ளங்கையில் அடங்கும். காகம், எலி, மரநாய், எறும்பு என எல்லாமே அதற்கு எதிரி. காகமும் மரநாயும் மேலிருந்து வரும். எலிக்கு ஒரு விரல் சந்து போதும். தாய் ஆமை இலைச்சருகைக் குவித்துக் கூடு கட்டி, முட்டையிட்டபின் சில நாட்கள் அங்கேயே நின்று, நெருங்குவதைத் தள்ளிக் காவல் காக்கும். நில ஆமைகளில் இப்படிச் செய்வது அபூர்வம். ஆனால் குஞ்சு வெளிவரும் வரை அது நிற்பதில்லை. கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் பின்சோன் தீவில், கப்பலேறி வந்த எலிகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆமைக் குஞ்சுகளைத் தின்று தீர்த்தன. 1965 முதல் முட்டைகளை எடுத்துப் போய்ப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை நாலைந்து வயது வரை கூண்டில் வளர்த்து, ஓடு கெட்டியான பிறகே திரும்ப விட்டார்கள். 2012இல் எலிகளை ஒழித்த பிறகுதான் தீவில் தானாகப் பொரித்த குஞ்சுகள் மறுபடி தென்பட்டன. வீட்டுப் பட்டிக்கும் அதே விதிதான்: எலியின் வாய்க்கு அடங்காத அளவு வளரும் வரை மூடி போட்ட பெட்டி, கால் அங்குலக் கண் வலை, அடியிலும் வலை, கால்களுக்கு எறும்பேறாத தண்ணீர்க் கிண்ணம்.

வளர்ந்த ஆமைக்கும் எலி ஆபத்தாகும் நேரம் ஒன்று உண்டு. குளிரில் ஆமையின் உடல் மந்தமாகிவிடும். கடிக்கிற எலியை விட்டு நகரக்கூட முடியாது. மற்ற நாடுகளில் குளிர்கால உறக்கத்தில் இருக்கும் ஆமைகளின் காலை எலி கடித்துவிடுவது தெரிந்த விஷயம். பிரிஞ்சாங்கின் இரவு அந்த அளவு குளிர் இல்லை என்றாலும் மந்தப்படுத்தப் போதும். இதனால்தான் இங்கே பட்டியின் நடுப்பொருள் வேலியைவிட இரவுக்கூடாகிறது. குளிருக்காக எப்படியும் கட்டவேண்டிய அறை அது. செங்கல் சுவர், தரையிலிருந்து அரையடி உயர்த்திய தளம், தகரக் கூரைக்கு அடியில் பலகைத் தட்டி. நாய், எலி, மரநாய் மூன்றுக்கும் அதையே பதிலாக்கிவிட்டால் வெளிவேலி பகலை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கதவு பக்கவாட்டில் நகர்வதாக இருக்கட்டும். தள்ளித் திறக்கும் கதவை ஆமையே திறந்துவிடும். சூடேற்றும் விளக்கின் வயரைக் குழாய்க்குள் விடவேண்டும். மாலை ஐந்தரைக்குள் ஆமையை உள்ளே சேர்த்துத் தாழிடும் பழக்கம், எத்தனை ரிங்கிட் கம்பியைவிடவும் அதிகம் காப்பாற்றும்.

பூட்டு மனிதருக்காகவும்தான். மடகாஸ்கரில் அழிவின் விளிம்பில் இருக்கும் கலப்பை ஆமையை வளர்க்கும் அம்பிஜோரோவா மையத்திலிருந்து 1996இல் 75 ஆமைகள் ஒரே முறையில் திருடு போயின. விலை உள்ள ஆமை எங்கே இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியாமல் இருப்பதும் வேலியின் ஒரு பகுதி.

இத்தனைக்குப் பிறகும் நாய் கடித்துவிட்டால் முதல் மணி நேரம் முக்கியம். உப்புநீர்க் கரைசலால் மெதுவாகக் கழுவி, ஈரத் துணி சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகவேண்டும். ஓடு விரிந்த ஆமையைத் தண்ணீர்த் தொட்டியில் விடக்கூடாது. விரிசல் வழியாக நீர் உள்ளே போகும். நாயின் வாய்க் கிருமி உள்ளே இருக்கும்போது விரிசலைப் பசை பூசி அடைப்பது சீழை உள்ளே பூட்டிவைப்பதாகும். முன்பு மருத்துவர்களே அப்படிச் செய்ததுண்டு, இப்போது காயத்தைத் திறந்துவைத்துச் சுத்தம் செய்கிறார்கள். பகலில் ஈ மொய்க்காமல் வலை மூடவேண்டும், இரண்டாம் நாளே புழு வைத்துவிடும். காயம் ஆறும் வரை மண்தரை வேண்டாம். அறைக்குள் பழைய செய்தித்தாள் விரித்து, தினம் மாற்றினால் போதும். எலும்பு கூடிவர ஓராண்டுக்கு மேலாகலாம். பட்டியில் எந்த இடம் வழியாக நாய் வந்தது என்பதை அன்றைக்கே, மழை தடயத்தை அழிப்பதற்குள் பார்த்துவிடவேண்டும்.