முறிந்த ஷாஃப்டை அளவுக்கு வைக்காதீர்கள்

மம்சாபுரத்தில் நாலு ஏக்கர் நெல் வைக்கும் அந்த விவசாயிக்கு ரோட்டவேட்டர் ஷாஃப்ட் முறிந்தது ஐப்பசி முதல் வாரத்தில். இரண்டு ஏக்கரில் தொழி அடித்து முடிந்திருந்தது. மீதி இரண்டு ஏக்கருக்கான நாற்று 24 நாளைத் தாண்டி நின்றது. இன்னும் நாலைந்து நாள் போனால் தூர் கட்டுவது குறையும். நடவு ஆட்களுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

வரப்போரம் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்தாமலே ரோட்டவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்குவது அவர் பழக்கம். ஐந்து வருடமாக ஒன்றும் ஆகவில்லை. அன்று 'படார்' என்ற சத்தத்தோடு கிராஸ் உடைந்து, கவையும் விரிசல் விட்டது.

முறிந்ததைச் சாக்கில் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். அதே நீளத்துக்குப் புது ஷாஃப்ட் கைவசம் இல்லை என்றார்கள். ராஜபாளையத்தில் பழையது ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. மேலே பிளாஸ்டிக் உறை மட்டும் இல்லை. அதை முறிந்ததோடு ஒட்டவைத்துப் பார்த்தார், நீளம் சரியாக இருந்தது. முனையைக் கொஞ்சம் தேய்த்துத் தரச் சொல்லி ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனார்.

பட்டறைக்காரர் பழையதைத் தேய்க்கவில்லை. முறிந்ததைக் கையில் எடுத்து உள்குழாயின் நுனியைக் காட்டினார். சுத்தியலால் அடித்ததுபோல் மழுங்கியிருந்தது.

"அண்ணாச்சி, டிராக்டர் மாத்தினீங்களா?"

"போன வருஷம் மாத்தினேன். ரோட்டவேட்டர் பழசுதான்."

"அப்ப இந்த ஷாஃப்ட் உங்க பழைய டிராக்டருக்கு வெட்டினது. இதுல இடைவெளி கம்மி. முட்டி முட்டித்தான் போயிருக்கு. இன்னும் ஒரு மாசம் ஓட்டியிருந்தா பி.டி.ஓ. பேரிங்கும் போயிருக்கும்."

அந்தப் பட்டறைக்கு அய்யனார் கோவில் பக்கத்துத் தோப்புகளில் மாங்காய் ஏற்றும் ஜீப்புகளும் வரும். கல்லில் இடிக்காமல் இருக்க வண்டியை உயர்த்திக் கட்டிவிட்டு, ஷாஃப்டை மட்டும் பழைய நீளத்திலேயே போடுகிறவர்கள் உண்டு. வண்டி உயர்ந்தால் ஷாஃப்டின் சாய்வு கூடும், நீளமும் பற்றாது. டிராக்டரிலும் கதை அதுதான். ஷாஃப்டை அளக்க வேண்டியது இன்று அது உட்காரப்போகும் இரண்டு முனைகளுக்கு நடுவில்.

சாய்வு என்ன செய்யும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சீராகச் சுற்றும். ஒரு கிராஸ் 30 டிகிரி மடங்கி நின்றால், அதற்கு அடுத்த குழாய் ஒவ்வொரு சுற்றிலும் 468க்கு இறங்கி 624க்கு ஏறி, மறுபடி இறங்கி ஏறும். இரண்டு முனைச் சாய்வும் சமமாக இருந்து, நடுக்குழாயின் இரு கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் இந்த ஆட்டம் ரோட்டவேட்டருக்குப் போகாது. கழற்றி மாட்டும்போது கவையை ஒரு பல் தள்ளிப் போட்டாலும் வண்டி அதிரும். முழு உயரத்துக்குத் தூக்கியபடி சுற்றவிட்டால் கிராஸ் தாங்காது.

வீட்டுக்குத் திரும்பி அளந்தார். இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ரோட்டவேட்டருக்கு அடியில் கட்டை கொடுத்து, ஒவ்வொரு உயரமாக வைத்துப் பார்த்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது மனைவி. முழுசாகத் தூக்கியபோது இடைவெளி மிகக் குறைவாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தார். ஆனால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட நேர்மட்டத்துக்கு வரும்போதுதான் இடைவெளி மிகக் குறைந்தது. அந்த இடத்தில் இரண்டு விரல் அகலமாவது இடம் மிச்சம் இருக்க வேண்டும். மிக அதிகம் விலகும் இடத்திலும் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். அவருக்கு 4 சென்டிமீட்டர் குறைக்க வேண்டியிருந்தது. வெளிக்குழாய், உள்குழாய், உறை எல்லாவற்றிலும் அதே அளவு வெட்ட வேண்டும். பிசிறை அரத்தால் தேய்க்க வேண்டும்.

பல்லையும் எண்ணினார், 6 பல். 540 சுற்றுக்கு உரியது அது. 21 பல் உள்ளதும் அதே 35 மில்லிமீட்டர் தடிமன்தான், கண்ணால் பார்த்து வாங்கினால் ஏமாறலாம்.

"அந்தப் பழசு வேண்டாங்க" என்றார் மனைவி. "உறை இல்லாம வேண்டாம். உங்க தம்பிய மறந்துட்டீங்களா?"

தம்பியின் வேட்டி கதிரடிக்கும் இயந்திரத்தின் ஷாஃப்டில் சிக்கியது எட்டு வருடத்துக்கு முன்னால். உயிர் பிழைத்தார், வலது கை பிழைக்கவில்லை. 540 சுற்று என்றால் வினாடிக்கு ஒன்பது. 7 சென்டிமீட்டர் தடிமனுள்ள குழாய் அந்த ஒரு வினாடியில் இரண்டு மீட்டர் துணியை இழுத்துச் சுருட்டிவிடும். கிளட்சை மிதிக்க யாரும் ஓடிவர முடியாது.

மறுநாள் உறையோடு புதிய ஷாஃப்டே வாங்கினார். மிச்சப் பணத்துக்கு மனைவி சங்கக் கணக்கில் கடன் எடுத்தார். உடைவதற்கென்றே உள்ள ஷியர் போல்ட்டுக்குப் பதிலாகக் கடினமான போல்ட் போட வேண்டாம் என்றும், எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கிராஸுக்குக் கிரீஸ் அடிக்கும்படியும் சொல்லிப் பட்டறைக்காரர் அளவுக்கு வெட்டிக் கொடுத்தார்.

நடவு மூன்று நாள் தள்ளிப்போனது. நாற்று முற்றியிருந்ததால் குத்துக்கு ஒரு நாற்று கூட்டி வைத்தார்கள். வரப்போரம் வரும்போதெல்லாம் அவர் பி.டி.ஓ. லீவரை இறக்குகிறாரா என்று, நாற்றுக்கட்டு சுமந்து வந்த மனைவி நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.