ஒரே ரயில் நிலையம், இரண்டு கப்பல் துறைகள்

மரீனா சவுத் பியர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்தால் எதிரிலேயே சிறிய படகுத்துறை. செயிண்ட் ஜான்ஸ், கூசு தீவுகளுக்கு அங்கிருந்துதான் படகு. இன்னும் கொஞ்சம் நடந்தால் 2012ல் திறக்கப்பட்ட மரீனா பே சொகுசுக் கப்பல் முனையம். பள்ளி விடுமுறை நாள்களில் தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை மூன்று தலைமுறையும் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

பினாங்குக்கோ போர்ட் கிள்ளானுக்கோ போகும் அவர்கள் கையில் கடப்பிதழும் பயணச்சீட்டும் இருக்கும். தடுப்பூசிச் சான்றிதழைப் பற்றி இப்போது பேச்சே இல்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்பு இதே முனையத்தில் நிலைமை வேறு.

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கோஹாமாவில் நிறுத்தப்பட்ட ‘டைமண்ட் பிரின்சஸ்’ கப்பலில் 3,711 பேர் இருந்தனர். 700க்கும் அதிகமானோருக்குக் கொவிட்-19 தொற்றியது. அடுத்த மாதமே சிங்கப்பூர் தன் துறைமுகத்தைச் சொகுசுக் கப்பல்களுக்கு மூடியது. நவம்பரில் கதவு பாதி திறந்தது. எந்த ஊரிலும் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணம், உள்ளூர்வாசிகள் மட்டும், பாதிப் பயணிகள், ஏறும் முன் பரிசோதனை, கழுத்தில் டிரேஸ்டுகெதர் கருவி. டிசம்பரில் ஒரு கப்பலில் மூத்த பயணி ஒருவருக்குத் தொற்று என்று முடிவு வர, கப்பல் ஒரு நாள் முன்னதாகவே திரும்பியது. பயணிகள் அறைக்குள்ளேயே காத்திருந்தார்கள். மறுபரிசோதனையில் அவருக்குத் தொற்றே இல்லை என்று தெரிந்தது.

2021ல் தடுப்பூசி வந்தது. பல கப்பல்களில் அதுவே நுழைவுச்சீட்டாகவும் ஆனது. குடும்பத்தில் ஒருவர் போடாவிட்டாலும் எல்லாருடைய பயணமும் கேள்விக்குறியானது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் நேர்மாறாக, தடுப்பூசிச் சான்றைக் கேட்கவே கூடாது என்று நிறுவனங்களுக்குச் சட்டம் போட்டது. ஒரு துறைமுகத்தில் கட்டாயமான காகிதத்தை இன்னொரு துறைமுகத்தில் கேட்பதே குற்றம்! 2022ன் நடுவில் இங்கிருந்து கப்பல்கள் மீண்டும் மலேசியத் துறைமுகங்களுக்குப் போகத் தொடங்கின. 2023 பிப்ரவரி 13 முதல், தடுப்பூசி போடாமல் சிங்கப்பூருக்குள் வருவோர் பரிசோதனை முடிவைக் காட்ட வேண்டும் என்ற விதியும் நீங்கியது.

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. பக்கத்துப் படகுத்துறையிலிருந்து செயிண்ட் ஜான்ஸ் தீவுக்குப் போய்ப் பாருங்கள். இன்று குடும்பங்கள் கட்டுச்சோறு கொண்டுபோய் உட்காரும் இடம். 1874ல் அங்கே தனிமைப்படுத்தும் நிலையம் திறக்கப்பட்டது. முந்திய ஆண்டு இங்கே காலரா பரவியிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலின் திறந்த தளத்தில் பாய் விரித்து வந்த நம் முன்னோர் பலர், சிங்கப்பூர் மண்ணை மிதிக்குமுன் அந்தத் தீவில்தான் இறங்கினார்கள். காலராவா, அம்மையா என்று பார்த்த பிறகே நகரத்துக்குள் விட்டார்கள்.

பின்னாளில் கப்பல் ஏற அம்மை குத்திய சான்றும் தேவைப்பட்டது. வீட்டுப் பெரியவர்கள் சிலருடைய கையில் அந்தத் தழும்பை இன்றும் காணலாம். 1980ல் பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. பிறகு அந்தச் சான்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. நோய் மாறினால் காகிதம் மாறும். ‘நீ எங்கிருந்து வருகிறாய்?’ என்று துறைமுகம் கேட்கும் கேள்வி மட்டும் மாறுவதில்லை.

இன்றும் அந்தக் கேள்வியைத் தாங்கி நிற்பது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காமாலை வேறு, இது வேறு, கொசுவால் பரவுவது. பிரேசில் போன்ற தென் அமெரிக்க நாடுகளையோ ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றையோ தொட்டுச் செல்லும் கப்பலில் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அத்தகைய நாட்டில் இருந்துவிட்டு ஆறு நாள்களுக்குள் சிங்கப்பூர் வருவோரிடம் சான்றிதழ் கேட்கப்படும். இல்லாவிட்டால் தனிமைப்படுத்தப்படலாம். மலேசியாவும் இந்தச் சான்றைக் கேட்கிறது. அதாவது, போகிற ஊர் கேட்காவிட்டாலும் திரும்பி வரும்போது சொந்த ஊர் கேட்கும்.

ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். 2016 முதல் ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். ஆனால் இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. கர்ப்பிணிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும், முதன்முறை போட்டுக்கொள்ளும் 60 வயது கடந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது. ஊசி வேண்டாம் என்று மருத்துவர் விலக்குக் கடிதம் தரலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டின் விருப்பம்.

அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் பரிசாகத் தொலைதூரக் கப்பல் பயணம் ஏற்பாடு செய்யும் பிள்ளைகள் இப்போது அதிகம். நல்ல காரியம். முன்பணம் கட்டுமுன் மூன்றைச் செய்துவிடுங்கள். கப்பல் நிற்கும் எல்லாத் துறைமுகங்களையும், விமானம் மாறும் ஊரையும் சேர்த்துப் பட்டியலிடுங்கள். ஒவ்வொரு நாட்டின் விதியையும் அதன் சுகாதார அமைச்சின் பக்கத்திலும், பிறகு கப்பல் நிறுவனத்திடமும் உறுதிசெய்யுங்கள். குறைந்தது ஆறு வாரம் முன்பே பெரியவர்களைப் பயண மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். சென்ற முறை போய்வந்தவர் சொன்ன விதி, சென்ற முறைக்கான விதி.