கொய்யாவைக் கொத்தும் கொண்டைக்குருவி

'எங்கள் கொல்லையில், தலையில் சிறு கொண்டையும் வாலடியில் சிவப்பும் உள்ள ஒரு குருவி கொய்யாப் பழங்களைக் கொத்துகிறது. எப்படி விரட்டுவது?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

இதே கேள்வியைப் பல ஆண்டுகளுக்கு முன் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் என்னிடம் கேட்டார்கள். 'நைலான் வலையைப் போர்த்திவிடுங்கள்' என்று சொல்லிவிட்டு வந்தேன். மறு வாரம் போனபோது, வலையில் காலும் இறக்கையும் சிக்கிச் செத்துப்போன குருவியை வீட்டம்மா காட்டினார். பக்கத்துச் செம்பருத்தியில் கூடு. உள்ளே இரண்டு குஞ்சுகள். இணைப்பறவை மட்டும் தனியாக இரை கொண்டுவந்துகொண்டிருந்தது.

'நாங்க நூலை வெச்சுப் பொழைக்கிறவங்க சார். அந்த நூலே ஒரு உசுரை எடுத்துடுச்சே' என்றார் அந்த அம்மா. எனக்குப் பதில் வரவில்லை. அன்றே வலையை அவிழ்த்தோம். ஒரு குஞ்சுதான் பிழைத்துப் பறந்தது என்று பிறகு சொன்னார்கள்.

அதன் பெயர் கொண்டைக்குருவி. சின்னான் என்றும் சொல்வார்கள். மைனாவைவிடச் சற்றுச் சிறியது. கருத்த தலை, பழுப்பு உடல், வால் நுனியில் வெள்ளை, வாலடியில் சிவப்பு. ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுதான். விசிறிபோல் கொண்டையை விரிக்கும் கொண்டலாத்தி வேறு. அது தரையில் புழு பொறுக்கும், பழத்தைத் தொடாது.

கொண்டைக்குருவி பழத்தோடு பூச்சி, புழுக்களையும் தின்னும். குஞ்சுகளுக்குப் புழு, பூச்சியை நிறைய ஊட்டும். நம் கத்திரி, வெண்டைக்கு அது உதவிதான். எச்சம் வழியாக விதைகளையும் பரப்பும். வேலியோரம் தானாக முளைக்கும் கோவைக்கொடியும் கறிவேப்பிலைக் கன்றும் பெரும்பாலும் பறவைகள் போட்டவையே.

வாசகருக்கு என் பதில் இதுதான். விற்கும் பழங்களுக்கு மட்டும், காய் பருக்கும்போதே துணிப்பை கட்டுங்கள். பழ ஈயும் அண்டாது. தளர்வான வலை வேண்டாம். பழத்தில் மருந்து தடவி வைக்கவே கூடாது. பிள்ளைகளும் அந்தப் பழத்தைத்தான் பறிப்பார்கள். குருவியைப் பிடிப்பதும் கூண்டில் அடைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

குருவிக்கென்று வேலியில் கோவை, ஓரத்தில் மணத்தக்காளி, இடமிருந்தால் ஒரு தேன்பழ மரம் வையுங்கள். கறிவேப்பிலையில் ஒரு கிளையைப் பழுக்க விடுங்கள். உண்ணிச்செடியை மட்டும் வளர்க்காதீர்கள். அதன் விதையையும் பறவைகள் பரப்பி, நிலமெல்லாம் புதராகிவிடும். ஆழமில்லாத மண்தட்டில் தினமும் தண்ணீர் மாற்றுங்கள். செடியைக் கவாத்து செய்யுமுன் கூடு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளையார்பாளையத்து வீட்டில் இப்போது பழைய வேட்டித் துணியில் தைத்த பைகள்தான் கொய்யாவில் தொங்குகின்றன. உச்சிக்கிளைப் பழங்களுக்குப் பை கட்டுவதில்லை. 'அது குருவிக்கு சார்' என்கிறார் அந்த அம்மா.