பழைய வண்டியும் பதினேழு வளைவும்

தேனிப் பக்கம் செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குகிறவர்கள் வண்டியை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். கன்சல்டிங் கடை வாசலில் நிற்கும் ஸ்ப்ளெண்டரை ஒரு உதை உதைப்பார்கள். ரெண்டு முறுக்கு முறுக்குவார்கள். டேங்கைத் தடவிப் பார்ப்பார்கள். மெயின் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் போய்விட்டு வந்து "சூப்பரா இருக்குண்ணே" என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். ரோடு சமம், வண்டியில் ஒரே ஆள், நாலு கியரும் விழுகிறது. அப்புறம் என்ன?

அப்புறம் போடிமெட்டு இருக்கிறது!

இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான். போடியை விட்டு முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள். தெற்கே லோயர் கேம்ப்பைத் தாண்டினால் குமுளி ஏற்றம். கம்பத்தில் இருந்து கம்பம்மெட்டுக்குப் போனாலும் ஏற்றம்தான். ஏலத்தோட்டத்தில் வேலை, மலை மேலே கடை, இடுக்கிப் பக்கம் சொந்தக்காரர்கள் என்று அடிக்கடி மேலே போகிறவர்கள் நிறைய. டிகிரி முடித்துவிட்டு எஸ்டேட்டில் கணக்கு எழுதப் போகிற பையனுக்கு அப்பா திராட்சை விற்ற காசில் ஒரு பழைய வண்டி வாங்கிக் கொடுக்கிறார் என்றால், அது சீன் போட இல்லை (கொஞ்சம் அதுவும் உண்டு :-)). வண்டி ஏறவில்லை என்றால் வேலை போச்சு. அதனால் கிளட்சும் கியர் பாக்ஸும் எப்படி இருக்கிறது என்பதுதான் இங்கே முதல் கேள்வி. பெயிண்ட் எல்லாம் அப்புறம்.

சமதளத்தில் ஏன் தெரியாது? ஸ்ப்ளெண்டர் மாதிரி 100 சிசி வண்டி தனி ஆளோடு நாற்பதில் போகும்போது இன்ஜினின் பலத்தில் கொஞ்சம்தான் செலவாகிறது. தேய்ந்துபோன கிளட்ச் பிளேட் கூட அந்தக் கொஞ்சத்தைத் தாங்கிவிடும். மேட்டில், பின்னால் ஒரு ஆளும் ஒரு மூட்டையும் இருக்கும்போது, ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகி நிமிஷக்கணக்கில் பிடித்திருக்க வேண்டும். அப்போதுதான் பிளேட்டுகள் ஒன்றை ஒன்று பிடிக்காமல் வழுக்க ஆரம்பிக்கும். வழுக்கினால் சூடு, சூடானால் இன்னும் வழுக்கும். எட்டாவது வளைவுக்குள் கருகின வாசனை வந்துவிடும்.

இதற்கு மலை வரை போகாமலே ஒரு சோதனை உண்டு. டாப் கியரில் முப்பத்தைந்து, நாற்பதில் போகும்போது சட்டென்று முழுசாகத் திருகிப் பார்க்க வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் சத்தமும் வேகமும் சேர்ந்து மெதுவாக ஏறும். ஸ்லிப் ஆகிற கிளட்ச் என்றால் இன்ஜின் மட்டும் 'ஙொய்ய்' என்று அலறும், வண்டி அப்படியே இருக்கும். பின் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டு திருகினால் இன்னும் நன்றாகத் தெரியும் (காலி ரோட்டில் மட்டும், ப்ளீஸ்). பழைய 100 சிசி வண்டிகளில் பெரும்பாலும் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. காதுதான் மீட்டர்.

இங்கே ஒரு உள்ளூர் சிக்கல். ஆனி, ஆடியில் பள்ளத்தாக்கில் அடிக்கிற காற்றை எல்லோருக்கும் தெரியும். காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? எதிர்காற்றில் நல்ல வண்டியும் இழுக்காது. உடனே "கிளட்ச் போச்சு" என்று முடிவு கட்டக் கூடாது. எதிர்காற்றிலோ, இன்ஜின் பலமே குறைந்திருந்தாலோ இன்ஜின் சத்தமும் சேர்ந்து அமுங்கும். வேகம் குறைந்து சத்தம் மட்டும் ஏறினால்தான் கிளட்ச்.

ஸ்லிப் என்றாலும் உடனே பிளேட்டைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் கிளட்ச் லீவரின் நுனியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகளில் 10 முதல் 20 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். ஆட்டமே இல்லை என்றால் கேபிளை இறுக்கி வைத்திருக்கிறார்கள், கிளட்ச் எப்போதுமே அரைகுறையாகப் பிடித்தபடி இருக்கிறது. அடுத்தது ஆயில். இந்த வண்டிகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலில் ஊறித்தான் வேலை செய்கிறது. உரசலைக் குறைக்கும் சரக்கு சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால், குறையக் கூடாத இடத்திலும் உரசல் குறைந்துவிடும். அதனால்தான் ஜப்பான்காரர்கள் பைக் ஆயிலுக்குத் தனி தரக் குறியீடு வைத்தார்கள். டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்று இருந்தால் இந்த மாதிரி கிளட்சுக்கு ஆகும். 'எம்.பி.' என்றால் ஸ்கூட்டருக்கு. கார் வைத்திருக்கிறவர் வீட்டு பைக் என்றால் என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டு வைப்பது நல்லது.

இதற்கு நேர் எதிர் வியாதியும் ஒன்று இருக்கிறது. லீவரை முழுசாகப் பிடித்தாலும் கிளட்ச் விடாது. முதல் கியரில் வண்டி தானாக முன்னால் நகரும், கியர் 'டொக்' என்று விழும், சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் கிடைக்கவே கிடைக்காது. ஓட்டுகிறவர் கியர் பாக்ஸைத் திட்டுவார், தப்பு கிளட்சுடையது. கேபிள் தளர்ந்திருக்கலாம், இரும்புத் தட்டு வளைந்திருக்கலாம், பிளேட்டுகள் உட்காரும் கூடையின் பல்லில் பள்ளம் விழுந்திருக்கலாம்.

எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை லேசாக முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே ஒவ்வொரு கியராகப் போட வேண்டும். நிறுத்தி வைத்தால் வெண்ணெய் மாதிரி விழுகிறது, ஓடும்போது மட்டும் மல்லுக்கட்டுகிறது என்றால் கிளட்ச். நிறுத்தினாலும் விழவில்லை என்றால் உள்ளே கியர் மாற்றும் பாகங்களில் வேலை இருக்கிறது.

கியர் பாக்ஸ் வியாதிதான் பயப்பட வேண்டியது. அதிலும் கியர் தானாகக் கழன்று வருவது. கடைக்காரருக்கும் வாங்க வந்த பையனுக்கும் நடக்கும் பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அண்ணே, ரெண்டாவது கியர் தானா நியூட்ரலுக்கு வந்துருதுண்ணே."

"நீ சரியா மிதிச்சிருக்க மாட்டப்பா. புது ஆயில் ஊத்துனா சரியாப் போயிரும்."

சரியாகாது. பக்கத்துக் கியரைப் பிடித்துக்கொள்ளும் பற்களின் முனை தேய்ந்து உருண்டிருக்கும், அல்லது கியரை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருக்கும். இரண்டையும் ஆயில் நிமிர்த்தாது. சமரோட்டில் இது எப்போதாவதுதான் காட்டும். மேட்டில் முழுப் பாரம் விழும்போதும், இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும்போதும் கழன்றுவிடும். வளைவில் இறங்கும்போது ரெண்டாவது கியர் கழன்றால் மிச்சம் இருப்பது பிரேக் மட்டும்தான். இதில் காசு மட்டும் சம்பந்தப்பட்டில்லை.

இறக்கத்தில் இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரலில் உருட்டி வருகிற பழக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று பெருமையாகச் சொல்வார்கள். இன்ஜின் நின்றால் ஆயில் பம்ப்பும் நிற்கும், ஆனால் சக்கரத்தோடு சேர்ந்து கியர் பாக்ஸுக்குள் பல்சக்கரங்கள் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அப்புறம் அடிவாரத்தில் ஓடுகிற வேகத்திலேயே டப்பென்று கியரைப் போட்டு கிளட்சை விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். அந்த அடி முழுக்க பல்லுக்குத்தான். "மேல இருந்து சும்மாவே வந்துருவேன் தம்பி" என்று விற்கிறவர் வாய்விட்டால் ரெண்டாவது கியரை ரெண்டு தடவை பார்க்கலாம்.

செயினும் ஸ்ப்ராக்கெட்டும் ஏமாற்றும். பல் கொக்கி மாதிரி வளைந்து, செயின் ஒரு இடத்தில் இறுக்கமாகவும் ஒரு இடத்தில் தளர்வாகவும் இருந்தால், வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். கியர் போச்சு என்று நினைக்கத் தோன்றும். செயின் செட் மாற்றினால் தீர்கிற விஷயம்.

1996-ல் உற்பத்தி நின்ற ஆர்.எக்ஸ். 100-க்கு இன்னும் பைத்தியமாக அலைகிறவர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்பதால் கியர் ஆயில் தனி. அந்த ஆயில் குறைந்துகொண்டே வந்து, கீழே ஒழுகலும் இல்லாமல், புகை மட்டும் ரொம்ப அடித்தால், கிளட்ச் பக்கத்து கிராங்க் ஆயில் சீல் போயிருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் கியர் ஆயிலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். காரர்களுக்கு இந்தக் கவலை பாதி இல்லை. லீவரும் கிடையாது, மாற்றுவதற்குக் கியரும் கிடையாது. வேகம் கூடினால் தானாகப் பிடிக்கிற கிளட்ச். ஆனால் அதுவும் தேயும், தேய்ந்தால் மேட்டில் நின்று அழும்.

பேரம் பேசும்போது இதெல்லாம் எங்கே உதவும்? ஸ்ப்ளெண்டரில் கிளட்ச் கெட்டிருந்தால் வலது பக்க மூடியைக் கழற்றினால் போதும். இன்ஜின் வண்டியிலேயே இருக்கும், பட்டறையில் அன்றைக்கே முடிகிற வேலை. அதைச் சொல்லி விலையைக் குறைத்து வாங்கலாம், தப்பில்லை. கியர் பாக்ஸ் என்றால் இன்ஜினை இறக்கி, இரண்டாகப் பிளந்தால்தான் உள்ளே கை போகும். ஒரு கியருக்காகப் பிளந்தால் பேரிங், சீல் என்று ஒவ்வொன்றாகச் சேரும். பழைய வண்டிக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

விற்கிறவர் ஒத்துக்கொண்டால் பின்னால் அவரையே ஏற்றிக்கொண்டு முந்தலைத் தாண்டி நாலு வளைவு ஏறி இறங்குவதுதான் உத்தமம். பாரத்துக்கு மூட்டை தேட வேண்டியதில்லை. "வேண்டாம்ப்பா, இங்கயே ஓட்டிப் பாரு" என்று அவர் அடிவாரத்திலேயே இறங்கிக்கொண்டால், ஒரு டீயைக் குடித்துவிட்டு போடிக்குத் திரும்பி வந்துவிடலாம்.