மந்தர பஞ்சமம்

திருவெம்பாவைக் காலத்தில் சுன்னாகம் கதிரமலைச் சிவன் கோயிலில் அண்ணர் பாடுவார். அவருடைய சுருதி 2 கட்டை. என்னிடம் இருந்தது 5 கட்டைக் குழல். அதன் பஞ்சமத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து வாசிக்கலாம்தான். ஆனால் ஆறு துளையையும் மூடினால் வருவது அந்தப் பஞ்சமம்; அதற்குக் கீழே இறங்க இடமில்லை. அண்ணர் மந்தரத்தில் இறங்கி உருகும்போதெல்லாம் என் குழல் வாசலிலேயே நின்றுவிடும். அந்தக் குறைதான் என்னை ஒரு 2 கட்டைக் குழல் தேட வைத்தது.

எனக்குக் குழல் சொல்லித் தந்த மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஓர் இசைக்கருவிக் கடைக்குப் போனேன். மகாராஜபுரம் சந்தானம் ஒருகாலம் முதல்வராக இருந்த மருதனார்மடத்து இராமநாதன் இசைக் கல்லூரியில் பின்னாளில் படித்தவர் அவர். கடைக்காரர் இந்தியாவிலிருந்து வந்த குழல்களை மேசையில் பரப்பினார். நான் ஒன்றை எடுத்து மேல் சட்ஜத்தைப் பிடித்தேன். கடை முழுக்கக் கணீரென்றது.

“மேலை எல்லாக் குழலும் பாடும்,” என்றார் மாஸ்டர். “மந்தர பஞ்சமத்தை ஊதும். மெல்லமா ஊதும்.”

ஊதினேன். சுரம் ஒரு கணம் நின்றது. பிறகு துள்ளி மேல் ஸ்தாயிக்கு ஓடிவிட்டது. நீண்ட குழலுக்குள் அசைய வேண்டிய காற்று அதிகம். அதற்கு வேகமான மூச்சு ஆகாது, நிதானமான மூச்சு வேண்டும். வாய் வைத்து ஊதும் முத்திரைத் துளையின் விளிம்பு சுத்தமாக இல்லாவிட்டால், அந்த நிதானத்தில் சுரம் நிற்காது. உரத்து ஊதினால் இந்தக் குற்றம் மறைந்துவிடும். மெல்ல ஊதினால்தான் குழல் உண்மையைச் சொல்லும்.

இரண்டாவது குழலில் சுரம் நின்றது, என் விரல்தான் எட்டவில்லை. 5 கட்டையிலிருந்து 2 கட்டைக்கு இறங்கினால் குழலின் நீளம் மூன்றுக்கு நாலாகிறது. துளைகளும் அந்தக் கணக்கில் விலகிப் போகின்றன. மோதிர விரலின் ஓரத்தால் மயிரிழை காற்றுக் கசிந்தாலும் பஞ்சமம் கெட்டுவிடும். “கையைக் காட்டும் பாப்பம்,” என்று என் விரல்களைக் குழலின்மேல் வைத்துப் பார்த்த மாஸ்டர், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாவதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே வெடிப்பு உண்டா என்று பார்த்தார். வாயோரத்து மூங்கிலின் தடிப்பை நகத்தால் அளந்தார். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் குழலுக்கு நீளம் 20 விரல், சுற்றளவு நாலரை விரல் என்று கணக்குச் சொல்கிறார். கடைந்தபின் அரை நெல்லரிசிப் பருமனுக்கு மரம் நிற்கட்டும் என்கிறார். மாஸ்டரின் நகம் தேடியதும் அந்தப் பருமனைத்தான். இந்தக் குழலின் நாதம் பெரிதில்லை. ஆனால் எவ்வளவு மெல்ல ஊதினாலும் மந்தர பஞ்சமம் அசையாமல் நின்றது. அதையே வாங்கினேன்.

தாழ்ந்த சுருதிமேல் ஆசை எல்லா ஊரிலும் உண்டு. கர்நாடக மேடையில் நீண்ட குழலின் கனத்தை நிலைநாட்டியவர்களில் என். ரமணி முக்கியமானவர். அயர்லாந்துக்காரரின் தகரக் குழல் ஓரடி நீளம்; குருவி மாதிரிக் கீச்சிடும். பின்பார் பியூரி என்ற கலைஞர் வைத்திருந்த இந்திய மூங்கில் குழல் ஒன்று பயணத்தில் உடைந்துபோக, அதற்கு ஈடாக 1971இல் இங்கிலாந்தின் பேர்னாட் ஓவர்டன் உலோகத்தில் நீண்ட குழல் ஒன்று செய்து கொடுத்தார். இன்று அயர்லாந்துக்காரர் வாசிக்கிற, இரண்டடி நீளமான தாழ்ந்த சுருதிக் குழலின் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. உடைந்த மூங்கிலின் குரலை மறக்க முடியாத ஒருவருக்காகப் பிறந்த கருவி அது. அந்த ஏக்கம் எனக்கு நன்றாக விளங்குகிறது.

வாங்கியதோடு வேலை முடியவில்லை. கடையில் மத்தியான வெக்கையில் சுருதிப் பெட்டியோடு ஒட்டி நின்ற குழல், மார்கழி விடியலில் இறங்கிவிட்டது. வெப்பம் 10 பாகை குறைந்தால் குழலின் சுருதி அரைச்சுரத்தில் மூன்றிலொரு பங்கு இறங்கும். முதல் நாள் இது தெரியாமல் தவித்தேன். அடுத்த நாள் குழலைச் சால்வைக்குள் நெஞ்சோடு அணைத்து, வாய்ச்சூட்டையும் மெல்ல உள்ளே விட்டுக்கொண்டே கோயிலுக்குப் போனேன்.

அண்ணர் தொடங்கினார். இரண்டாம் அடியில் குரல் கீழே இறங்கியது. ஆறு துளையையும் மூடினேன். மூச்சைத் தள்ளவில்லை, விட்டேன். பாட்டு முடிந்ததும் அண்ணர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “நீ வாசிச்சனியோ?” அவர் குரலுக்கும் என் குழலுக்கும் நடுவே இடைவெளி தெரியவில்லையாம். அந்தக் கேள்வியைவிடப் பெரிய பாராட்டு அந்தக் குழலுக்குக் கிடைக்கப்போவதில்லை.